மாடத்தி பிடித்த குழாய்

தாராவிக்கு வந்த வாரத்திலேயே மாடத்தியின் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் புருஷன் நயினாரும் மாமியார் சொர்ணம்மாளும் அணையா விளக்குச் சபைக்காரர்கள். சபையில் மாடன், பேச்சி, இசக்கி என்ற பேச்சே கூடாது. அதெல்லாம் இருட்டுத் தெய்வங்களாம். ஆகவே புது மருமகளை உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, 'சோதியம்மாள்' என்று பெயர் மாட்டினார்கள். அந்தப் பெயர் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரியின் ரவிக்கை மாதிரி இருந்தது. தோளில் பிடித்தது, கழுத்தில் தொங்கியது. ஆனாலும் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி ரயிலேறி வந்த பெண், பாஷை தெரியாத பம்பாயில் வேறு என்ன செய்வாள்?

சபை என்றதும் ஏதோ பெரிய மடம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ஒரே கல்லியில் குடியேறிய குடும்பங்கள். அந்தச் சந்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் பலகை பலகையாகப் பித்தளை விளக்குகள். ஆளுக்கு ஒரு விளக்கு. உடையவர் உயிரோடு இருக்கிறவரை அது அணையக்கூடாது. சபையின் மூத்தவர் பிரம்மநாயகம் பக்கத்திலேயே மளிகைக் கடை வைத்திருந்தார். விளக்குக்கு எண்ணெய் அவர் கடையில்தான் வாங்க வேண்டும். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமே அந்தக் கல்லியில் கிடையாது.

கோயில் கூடாது. சினிமா கூடாது. வெளியாள் சமைத்ததைத் தின்னக் கூடாது. வெளியாள் புழங்குகிற குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது; அதற்காகவே முனிசிபாலிட்டிக்கு நடையாய் நடந்து கல்லிக்குள் தனிக் குழாய் போட்டுக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மருந்தும் ஊசியும் கூடாது. உடம்புக்கு வந்தால் விளக்கின் முன்னால் வைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். பிழைத்தால் விளக்கின் கருணை. செத்தால் வீட்டில் யாருக்கோ மனசு சுத்தமில்லை என்று அர்த்தம். எப்படி விழுந்தாலும் சபையே ஜெயிக்கிற ஆட்டம் அது.

மாடத்தியின் மகன் தளவாய்க்குப் பெரியம்மை கண்டபோது இந்த ஆட்டம்தான் ஆடினார்கள். வேப்பிலையைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. அது இருட்டுத் தெய்வத்தின் இலையாம். பேச்சு நன்றாக வந்திருந்த பிள்ளை, "தண்ணி வேணாம்மா, கசக்கு," என்று சொல்லிக்கொண்டே விளக்குத் தண்ணீரைக் குடித்துச் செத்துப்போனான். அடக்கம் முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, பிரம்மநாயகம் சொன்னார்:

"தாய்க்காரி மனசுல பழைய பேரு இன்னும் கெடக்கு. அதான் வெளிச்சம் உள்ள போகல."

சொர்ணம்மாள் தலையை ஆட்டினாள். நயினார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளே கொன்றவளும் ஆகிவிட்டாள். மாடத்தி அன்றைக்கு அழவில்லை. வயிறுதான் எரிந்தது. அந்த எரிச்சல் அவளை விட்டுப் பிறகு போகவே இல்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் மறுபடியும் அம்மை பரவுகிறது என்று பேச்சு வந்தது. அம்மை குத்துகிறவர்கள் பெட்டியும் கையுமாகக் கல்லி கல்லியாக வந்தார்கள். சபைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாடத்தி மட்டும், பூ வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மூத்தவள் செண்பகவல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடந்தாள். அங்கே தெருவோரம் மேசை போட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளை கையை இழுத்துக்கொண்டு அழுதது. மாடத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல சொல்லாத, என்னட்டி? யாருங் கேட்டா தேளு கொட்டிட்டுன்னு சொல்லு."

புண் ஆறித் தழும்பு விழுந்தது. முழங்கை வரை கை வைத்த சட்டையாகத் தைத்துப் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட வந்த சொர்ணம்மாள் பேத்தியின் தோளில் விரல் வைத்தாள். அங்கேயே நின்றது விரல். சாயங்காலத்துக்குள் மாடத்தியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள்.

பிரம்மநாயகம் கெட்டிக்காரர். கத்தவில்லை. "புத்தி தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. போதும். சபை தாய் மாதிரி," என்றார்.

"தெரிஞ்சிதான் செஞ்சேன்," என்றாள் மாடத்தி. "அவ தம்பிக்கும் அப்பமே செஞ்சிருக்கணும். அது தெரியாமப் போச்சு."

அதற்கு மேல் சபைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அதற்கு விளக்குக் கவிழ்ப்பு என்று பெயர். சபையை மீறியவரின் விளக்கை எடுத்து, வீட்டில் நெருங்கிய ஆளின் கையில் கொடுத்துத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்வார்கள். நயினார் கவிழ்த்தான். எண்ணெய் அவன் மணிக்கட்டில் வழிந்தது. அவன் அதைத் துடைத்துக்கொள்வதிலேயே கவனமாக இருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது நல்ல சாக்கு.

கவிழ்ந்தவர் சபைக்குச் செத்தவர். அவரைத் தொட்டால் தொட்டவரின் விளக்கும் கவிழும். அவர் தொட்ட பாத்திரத்தைச் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்காமல் எடுக்கக் கூடாது. மாடத்தி வீட்டுக்கு ஓடினாள், மகளையாவது கூட்டிக்கொண்டு போவோம் என்று. அதற்குள் சொர்ணம்மாள் பிள்ளையை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். கதவைத் தட்டத் தட்ட உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வாயைப் பொத்தியிருப்பார்கள்.

கல்லியின் வாயில் கரீம் பாட்சா என்ற மேலப்பாளையத்துக்காரர் இருந்தார். தோல் ஷாப்பில் மேஸ்திரி. சபைக்காரர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர் என்பதால் அவரைக் கிளப்ப முடியவில்லை. அவர் வீட்டை ஒட்டித் தோல் துண்டுகள் போட்டுவைக்கிற ஒரு சின்ன அறை இருந்தது, பம்பாய்ப் பேச்சில் கோலி. அதைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

"நாத்தம் இருக்கும் தங்கச்சி. பொறுத்துக்க."

"அங்க இருந்த நாத்தத்துக்கு இது சந்தனம் அண்ணாச்சி," என்றாள் மாடத்தி. "எனக்குப் பழைய பேரு மாடத்தி. அதச் சொல்லியே கூப்பிடுங்க."

வேறு பேட்டைக்குப் போயிருக்கலாம். தேவ்நார் பக்கம் அவளுக்குத் தூரத்து உறவு ஒருத்தி இருந்தாள். வந்துவிடு என்று ஆளும் அனுப்பினாள். மாடத்தி போகவில்லை. இங்கே இருந்தால் மகள் பள்ளிக்கூடம் போவதையும் வருவதையும் பார்க்கலாம். மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டுகிற வேலை கிடைத்தது. காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு நடந்தே போவாள், சாயங்காலம் நடந்தே வருவாள்.

மகள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அப்படிப் பழக்கியிருந்தார்கள். அம்மா செத்துப்போய்விட்டாள், அவள் உருவத்தில் இருட்டு நடமாடுகிறது, பார்த்தால் உன் தம்பி மாதிரி நீயும் போய்விடுவாய் என்று சொல்லி வைத்திருந்தாள் சொர்ணம்மாள். ஒரு நாள் மாடத்தி ஒரு முழம் கதம்பத்தைக் குழாயடிச் சுவரில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள், மகள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. சொர்ணம்மாள் வந்தாள். துடைப்பக் குச்சியால் பூவைச் சாக்கடைக்குள் தள்ளினாள். குச்சியையும் கூடவே போட்டாள். பாவி, அதைச் செய்யும்போது அவள் முகத்தில் ஒரு கோபம்கூட இல்லை. வீடு பெருக்குகிற முகம்தான்.

ஆரம்பத்தில் கல்லிப் பெண்கள் மாடத்தியை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். குழாயடிக்கு அவள் குடத்தோடு வந்தால் போதும்.

"கவிந்தவ வாரா, கொடத்தத் தள்ளி வைங்கட்டி!"

"கவிந்தது வெளக்குதாம்மா. நான் நேராத்தான் நிக்கேன்," என்பாள் மாடத்தி.

"புள்ளைக்கு ஊசி குத்துன ராச்சசி!"

"ஆமா. உம் புள்ளைக்கு அம்ம வந்தா என்னக் கூப்பிடு. மூத்தவரு தண்ணி தருவாரு, நான் தோண்டி மூடுத எடத்தக் காட்டுதேன்."

இந்தப் பதில்கள் வேகமாகப் பரவின. தோல் ஷாப்பில் கரீம் பாட்சா சொல்லிச் சிரித்தார். சபையின் வாலிபப் பையன்கள்கூடத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பிரம்மநாயகத்துக்கு மூக்கில் வேர்த்தது. அடுத்த கூட்டத்தில் ஒரு புதுக் கட்டளை போட்டார்: ஏசுவதும் பேச்சுதான். இனிமேல் கவிழ்ந்தவளிடம் ஒரு சொல் பேசக் கூடாது. நல்ல சொல்லும் கூடாது, கெட்ட சொல்லும் கூடாது. 'தள்ளு', 'போ' என்று விரட்டக்கூடக் கூடாது. பேசினால் பேசியவர் விளக்கு கவிழும்.

கட்டளை போட்டவர் குழாயை யோசிக்கவில்லை. வீட்டில் அவருக்குத் தண்ணீர் தூக்குகிறவர்கள் வேறே.

ஏச்சு நின்றதும்தான் மாடத்தி ஆடிப்போனாள். ஏசுகிறவர்களுக்குப் பதில் சொல்லலாம். அவள் இருக்கிறாள் என்றாவது அதற்கு அர்த்தம். இப்போது அவள் வந்தால் பெண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். அவள் கேட்டால் காற்று வீசியது மாதிரி நின்றார்கள். எல்லாரும் பிடித்து முடிக்கிறவரை காத்திருந்தால் தண்ணீர் நின்றுவிடும். விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். வெறுங்குடத்தோடு திரும்பி, கரீம் பாட்சா வீட்டு அண்டாவிலிருந்து வாங்கிக்கொள்வாள். இரண்டொரு தடவை ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்து, கல்லைச் சுற்றிக்கொண்டே தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள், குரல் இருக்கிறதா என்று.

ஒரு நாள் பொறுமை கெட்டுப்போய், மாமியாரின் குடம் பாதி நிறைந்திருந்தபோது, கையை நீட்டிக் குழாயைப் பிடித்து மூடிவிட்டாள். சொர்ணம்மாளின் வாய் திறந்தது. உதடு துடித்தது. சொல் வரவில்லை. கையும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் நின்றவர்களும் அப்படியே நின்றார்கள். மாடத்தி பிடித்திருந்த நேரமெல்லாம் ஒருத்தியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளுக்கே அது புதுசாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் சாம்பலும் புளியும் போட்டுக் குழாயைப் பரபரவென்று தேய்க்கிற சத்தம் கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு மாடத்திக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மார்கழியில் கரீம் பாட்சா ஒரு சேதி கொண்டுவந்தார்.

"தைப் பௌர்ணமிக்கு உம் மகளுக்கு வெளக்குக் குடுக்காவளாம் மாடத்தி."

மாடத்தி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். பிள்ளைகளுக்கு விவரம் தெரிகிற வயசில் சபையில் விளக்குக் கொடுப்பார்கள். வாங்கும்போது, கவிழ்ந்தவர்கள் முகத்தை இனி ஆயுசுக்கும் பாரேன், பேசேன் என்று சுடரின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இதுவரை பிள்ளை பேசாதது பெரியவர்கள் மிரட்டி வைத்ததால். இனி அது தன் வாயால் சொல்லிவிடும். சொன்ன பிறகு எந்தத் தாயால் என்ன செய்ய முடியும்?

நயினார் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மாடத்தி ஷிப்டு விடுகிற நேரத்துக்குப் போய் கேட்டுக்கு வெளியே நின்றாள். அவன் அவளைப் பார்த்ததும் நடையைக் கூட்டினான். அவள் பின்னாலேயே போனாள்.

"செம்பகத்தப்பா, நான் ஒம்ம வீட்டுக்கு வரல. சோறு கேக்கல. பிள்ளைய எங்கிட்ட ஒரு தரம் பேச விடும். என்ன நடந்துச்சுன்னு நான் அதுகிட்ட சொல்லணும். கேட்டுட்டு அது வெளக்கு வாங்குனா வாங்கட்டும். ஒரே ஒரு தரம்."

பஸ் வந்தது. நயினார் ஏறினான். அவன் காது மடல் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். கேட்டிருக்கிறது. கேட்டும் போகிறான். 'ஒனக்கெல்லாம் நாக்கு எதுக்குலே' என்று அவள் பஸ்ஸைப் பார்த்துக் கத்தினாள். பஸ்ஸில் இருந்த மராட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தைப் பௌர்ணமி அன்று விடிகாலையில், குழாயில் காற்று சீறி முதல் தண்ணீர் சொட்டுவதற்கு முன்னாலேயே, மாடத்தி குழாயடிக்குப் போய்விட்டாள். குழாய்க்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

பெண்கள் குடங்களோடு வந்தார்கள். நின்றார்கள். விளக்கு வாங்குகிற பிள்ளைகளை இந்தக் குழாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்ட வேண்டும். சபை முழுவதற்கும் சமையல் வேறு. குடங்கள் வரிசையாய்ப் பின்னால் நீண்டுகொண்டே போயின. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மாடத்திதான் பேசினாள், கல்லி முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"என் பிள்ள எங்கிட்ட வந்து பேசணும். பேசட்டும், எந்திரிச்சுப் போயிருதேன். இல்லயா, யாராவது ஒருத்தர் 'தள்ளுட்டி'ன்னு சொல்லுங்க. அதுக்கும் எந்திரிச்சிருதேன். சொல்லுங்க பாப்போம்."

யார் சொல்வார்கள்? சொன்னால் விளக்குப் போய்விடும். ஒருத்தி சாம்பல் தண்ணீரைக் கொண்டுவந்து மாடத்தியின் தலையில் எறிந்தாள். எறிவது தொடுவது ஆகாது என்று கண்டுபிடித்தவள் அவள். மாடத்தி கண்ணை மூடிக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. வாலிபன் ஒருவன் கல்லை எடுத்தான்.

"போடுலே பாப்போம்!" என்று கல்லியின் வாயிலிருந்து கரீம் பாட்சா சத்தம் போட்டார். "ஒரு சொட்டு ரத்தம் வந்தா ஒன்ன ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறது நான்தான்!"

கல் கீழே விழுந்தது. பிரம்மநாயகம் அவரிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "பாட்சா, நீரு சொன்னாக் கேப்பா. எந்திரிக்கச் சொல்லும்."

"எனக்குத் தண்ணி அடுத்த கல்லிக் கொழாயில வே. இது ஒம்ம சபைக் கொழாயி. நீரே சொல்லும். வாயி இருக்குல்லா?"

மூத்தவர் கடைக்கு வாடிக்கையாக வருகிற போலீஸ் ஹவல்தாரைக் கூட்டிவந்தார்கள். அவர் தடியால் தரையைத் தட்டிக்கொண்டு வந்து, வரிசையையும் மாடத்தியையும் பார்த்தார்.

"க்யா ஹுவா? மாரா க்யா இஸ்னே?" என்று கேட்டார்.

அடிக்கவில்லை என்றார் பிரம்மநாயகம்.

"காலி தியா?"

கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"தோ போலோ நா இஸ்கோ! ஹட் ஜா போலோ!"

தள்ளிப்போ என்று அவளிடம் சொல்லுங்களேன் என்கிறார். இதைத்தானே யாராலும் சொல்ல முடியவில்லை. மாடத்தி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்: "சாப், ஏ லோக் ஏக் பாத் போலேகா, ஹம் ஜாயேகா." இவர்கள் ஒரு வார்த்தை பேசினால் போய்விடுவாள். ஹவல்தார் பிரம்மநாயகத்தின் முகத்தைப் பார்த்தார். மூத்தவர் உதட்டை அழுத்திக்கொண்டு நின்றார். மதராஸிகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மராட்டியில் முனகிக்கொண்டு ஹவல்தார் போய்விட்டார்.

தண்ணீர் நிற்கிற நேரம் நெருங்கியது. குழாயைத் திறக்காமலே நின்றுபோனால் அன்றைக்கு விளக்குக் கொடுப்பு கிடையாது, அடுத்தது சித்திரையில்தான். பெண்கள் மூத்தவரை முறைக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பிரம்மநாயகத்துக்கு ஒரு வழி தோன்றியது. விளக்கு வாங்காத பிள்ளையின் பேச்சு சபைக் கணக்கில் சேராது. பேசுவதற்கென்று வேறு பிள்ளையை அனுப்ப எந்தத் தாயும் ஒப்பவில்லை. நயினாரைப் பார்த்தார்.

"ஒம் மகள அனுப்பு. 'தள்ளு'ன்னு ஒரு சொல்லு. அதுக்கு மேல பேசக் கூடாது. தொடக் கூடாது."

செண்பகவல்லி புதுப் பாவாடை கட்டி, இடுப்பில் குடத்தோடு வந்தாள். கல்லியே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் எதிரே வந்து நின்று, ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். தலையிலிருந்து சாம்பல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிற முகம்.

"தள்ளு," என்றாள் பிள்ளை. சொல்லிக்கொடுத்த சொல், சொல்லிக்கொடுத்த குரல்.

மாடத்தி கையை எடுத்துவிட்டாள். சொன்ன சொல் தவறக் கூடாது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மார்கழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. எழுந்து ஒதுங்கி, கை தவறியும் பிள்ளை மேல் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள். தொட்டுவிட்டால் அவர்கள் பிள்ளையையும் விட்டுவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? தொட்டே தன்னிடம் இழுத்துக்கொள்ளலாம் என்று முதலில் ஒரு கெட்ட யோசனையும் அவளுக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

பிள்ளை குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். குடம் நிறைந்தது. பெரிய பித்தளைக் குடம். அதை ஒற்றையாய்த் தூக்கி இடுப்பில் வைக்க அந்த வயசுக்கு முடியாது; குழாயடியில் யாராவது ஒருத்தி ஒரு கை கொடுப்பாள். எப்போதும் அப்படித்தான். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பெண்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். குழாயை இன்னும் துலக்கவில்லை. கவிழ்ந்தவள் பிடித்த குழாயின் தண்ணீர் அது. ஒருத்தியும் வரவில்லை. பிள்ளை முக்கி முக்கித் தூக்கிப் பார்த்தது. குடம் முழங்கால் வரைக்கும் வந்து மறுபடி இறங்கியது. தண்ணீர் தளும்பிப் புதுப் பாவாடை நனைந்தது.

"எம்மா, தூக்கி விடு."

மாடத்தி தன் காதையே நம்பவில்லை. "ஏட்டி, நான் தொட்டா ஒன்னயும் கவுத்துருவாவ. தெரியுமா?"

"தெரியும்," என்றது பிள்ளை, அழுகிற மாதிரி. "ஒருத்தரும் தூக்க மாட்டேங்காவ. கை வலிக்கி. தூக்கி விடும்மா."

மாடத்தி அக்குளிலிருந்து கையை எடுத்தாள். குடத்தின் அடியில் ஒரு கை, கழுத்தில் ஒரு கை. பிள்ளையின் விரல்கள் மேல் அவள் விரல்கள் பட்டன. குடம் இடுப்பில் ஏறியது.

செண்பகவல்லி தன் வீட்டுக்கு நடந்தாள். வேறெங்கே போகும் பிள்ளை? பின்னால் பெண்கள் சாம்பலும் புளியுமாகக் குழாயின் மேல் விழுந்தார்கள். வீட்டு வாசலில் சொர்ணம்மாள் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நயினார் அவளுக்குப் பின்னால் நின்றான்.

"அப்பா, உள்ள வரட்டா?" என்று கேட்டாள் மகள்.

நயினார் பிரம்மநாயகத்தைப் பார்த்தான். மூத்தவர் இல்லை என்று தலையை ஆட்டினார். விளக்கு வாங்காத பிள்ளையின் பேச்சுதான் கணக்கில் சேராது, தொட்டது தொட்டதுதானே. நயினார் வாயைத் திறந்தான். பிள்ளைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், 'வா' என்றோ 'வேண்டாம்' என்றோ. எதைச் சொன்னாலும் அது பேச்சாகிவிடும். வாயை மூடிக்கொண்டான். சொர்ணம்மாள் கதவைச் சாத்தினாள். தண்ணீர் வேண்டும் என்று அனுப்பிய பிள்ளையைத் தண்ணீரோடு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள்.

பிள்ளை கொஞ்ச நேரம் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பிக் கல்லியின் வாயைப் பார்த்து நடந்தது. அது வர வர, வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். நேற்று வரை அதன் கன்னத்தைக் கிள்ளியவர்கள். ஒருவராவது, ஒரே ஒருவராவது திரும்பாமல் நிற்க மாட்டார்களா என்று மாடத்தி பார்த்தாள். ஒருவரும் இல்லை. மகள் வருகிறாள் என்ற சந்தோஷத்தைவிட, இவ்வளவு லேசாக விட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் அவளுக்கு மிஞ்சியது. நாசமாய்ப் போகிறவர்கள். ஒரு பிள்ளையை ஒரு குடம் தண்ணீருக்கு விட்டார்களே.

செண்பகவல்லி கோலி வாசலில் வந்து நின்றாள். இடுப்பு ஒடிகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாள். பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"எம்மா, இத எங்க வைக்க?" என்றாள்.

மாடத்தி ஓடிப்போய்க் குடத்தை இறக்கினாள்.